ஓநாய்க்கும் சொல்ல ஒரு கதை வேண்டும்: சோஷியல் டிடக்‌ஷன் ஆட்டத்துக்கு ரோல் அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒன்பது பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் ஓநாய்கள், மற்ற ஏழு பேரும் ஊரார். பகலில் எல்லாரும் ஓட்டுப்போட்டு ஒருவரை வெளியேற்ற வேண்டும். இரவில் ஓநாய்கள் ஊராரில் ஒருவரைத் தீர்த்துக்கட்டும். மறைந்திருக்கும் எதிரியை இப்படிப் பேசிக் கண்டுபிடிப்பதுதான் சோஷியல் டிடக்‌ஷன் ஆட்டம். இங்கே யாருக்கும் தனிச்சக்தி கிடையாது. ஒரு வார்த்தைகூடப் பேசாமல், சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆளை வெளியேற்றினால் ஊர் ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு? கணக்குப் போட்டால் 30 சதவீதம் வருகிறது.

ஆட்டம் உருவாக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கிலிருந்து தொடங்குவதில்லை. மந்திரவாதி, ஒற்றன், இரட்டைச் சகோதரிகள், பழிவாங்கும் ஆவி என்று தனிச்சக்தி உள்ள வேடங்களை, அதாவது ரோல்களை, எழுதிக் குவித்துவிட்டு, பிறகு எத்தனை ஓநாய் போடலாம் என்று யோசிக்கிறார்கள். நானும் முதல் இரண்டு முயற்சிகளில் அப்படித்தான் செய்தேன். ரோல் ஒவ்வொன்றும் தனியாகப் படிக்க அருமையாக இருந்தது. சேர்த்து ஆடியபோது இரண்டாம் நாளே ஆட்டம் முடிந்துபோனது.

ரோல் இரண்டு வேலை செய்ய வேண்டும். அந்த 30-ஐ 50-க்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும், கூடவே மேசையில் பேச்சை வளர்க்க வேண்டும். முதல் வேலையைப் பலரும் கவனிக்கிறார்கள், இரண்டாவதுதான் விட்டுப்போகிறது. ஒரு ரோல் தேறுமா என்று பார்க்க நான் கேட்பது ஒரே கேள்வி: அதை வைத்திருப்பவர் மறுநாள் காலையில் சொல்லும் வாக்கியத்தை ஓநாயும் கூசாமல் சொல்ல முடியுமா? முடியும் என்றால் அந்த ரோல் ஆட்டத்துக்குள் வரலாம். முடியாது என்றால், அதன் சக்தி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அது ஆட்டத்தைத் தின்றுவிடும். இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றியே போகும்.

படி 1: ரோல் இல்லாமல் எலும்புக்கூட்டைக் கணக்கிடுங்கள்

1986-இல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் டிமித்ரி டேவிடோஃப் உருவாக்கிய மாஃபியா ஆட்டத்தின் அடிப்படை ரொம்ப எளிமையானது. விஷயம் தெரிந்த சிறு கூட்டம் ஒன்று, விஷயம் தெரியாத பெருங்கூட்டம் ஒன்று. 1997-இல் ஆண்ட்ரூ பிளாட்கின் அதற்கு ஓநாய் வேடம் போட்டார். வேடம் மாறினாலும் எலும்புக்கூடு அதேதான்.

அதைக் கணக்கிட ஒரு தாள் போதும். ஒரே ஓநாய், மூன்று பேர், பகல் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குருட்டாம்போக்கில் ஓட்டுப்போட்டால் ஓநாய் அகப்பட 3-இல் 1 வாய்ப்பு. தவறினால் ஓநாயும் ஊராரில் ஒருவரும் மிஞ்சுவார்கள்; ஓநாய்க்குச் சமமாக ஊர் குறைந்துவிட்டதால் ஊர் தோற்றது. ஆக 33 சதவீதம். ஐந்து பேர் என்றால் முதல் நாளே பிடிக்க 5-இல் 1. தவறினால் (5-இல் 4) இரவில் இன்னொருவர் போய் மூன்று பேர் நிலைக்கு வருவோம், அதன் விடை ஏற்கெனவே கையில் இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 47 சதவீதம். இப்படியே ஏழு, ஒன்பது என்று ஏறிக்கொண்டே போகலாம்.

ஒன்பது பேருக்கு வரும் விடைகள் இவை: ஒரு ஓநாய் என்றால் ஊருக்கு 59 சதவீதம், இரண்டு என்றால் 30, மூன்று என்றால் 11. ஒரே ஒரு ஓநாயைக் கூட்டுவது எவ்வளவு பெரிய அடி என்று பாருங்கள். "கொஞ்சம் கடினமாக்கலாம், இன்னொரு ஓநாய் சேர்ப்போம்" என்று யாராவது சொன்னால் இந்த மூன்று எண்களையும் காட்டுங்கள்.

ஆட்கள் கூடும்போது ஓநாய்களை அதே விகிதத்தில் கூட்டக் கூடாது. மார்க் பிரேவர்மன், ஓமித் எதெசாமி, எல்ச்சனன் மோசெல் ஆகிய மூவரும் 2008-இல் வெளியிட்ட கணித ஆய்வு ஒன்று இதை நிறுவியிருக்கிறது. துப்பறிபவர் (இரவில் ஒருவர் எந்தத் தரப்பு என்று அறியும் ரோல்) இல்லாத ஆட்டத்தில் இரு தரப்புக்கும் ஒப்பிடத்தக்க வாய்ப்பு இருக்க வேண்டுமானால், ஓநாய்களின் எண்ணிக்கை மொத்த ஆட்களின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் வளர வேண்டும். கூட்டம் நான்கு மடங்கானால் ஓநாய்கள் இரண்டு மடங்கானால் போதும். துப்பறிபவரைச் சேர்த்துவிட்டால் நிலைமை தலைகீழ். அப்போது மொத்தத்தில் ஒரு நிலையான பங்கையே ஓநாய்களுக்குக் கொடுக்கலாம். தகவல் தரும் ஒரே ரோலுக்கு அவ்வளவு வலு.

படி 2: ஒற்றைப்படையா, இரட்டைப்படையா என்று பாருங்கள்

இது சின்ன விஷயம்போலத் தெரியும். இதைக் கவனிக்காததால் குலைந்த ஆட்டங்கள் ஏராளம்.

ஒன்பது பேர், இரண்டு ஓநாய் என்றால் 30 சதவீதம் என்றோம். பத்தாவதாக இன்னொரு ஊராரைச் சேர்த்தால் ஊருக்குப் பலம் கூடும் என்றுதானே தோன்றும்? 22 சதவீதமாகக் குறைகிறது. காரணத்தைப் பகல்களை எண்ணிப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். ஒன்பது பேரில் ஊர் இரண்டு முறை தவறாக ஓட்டுப்போட்டுத் தப்பலாம், மூன்றாவது தவறில் தோல்வி. பத்துப் பேரிலும் அதே இரண்டு தவறுதான். புதிதாக வந்தவரால் ஊருக்குக் கூடுதல் நாள் எதுவும் கிடைக்கவில்லை. சந்தேகப்பட இன்னொரு முகம் மட்டும் கூடியிருக்கிறது.

இதனால் மருத்துவர் ரோல் எதிர்பாராத விதத்தில் நடந்துகொள்ளும். இரவில் ஒருவரைக் காப்பாற்றிவிட்டால் காலையில் ஏழு பேருக்குப் பதில் எட்டுப் பேர் இருப்பார்கள். இரண்டு ஓநாய்களும் உயிரோடிருந்தால், ஏழு பேர் நிலையில் ஊருக்குக் கண்மூடி ஓட்டுப்போட்டு 23 சதவீதம், எட்டுப் பேர் நிலையில் 16. மருத்துவர் சரியாகச் செயல்பட்டு ஊரின் வாய்ப்பைக் குறைத்துவிட்டார்! அவருடைய இரண்டாவது வெற்றியில்தான் ஊருக்கு ஒரு தவறு கூடுதலாகக் கிடைக்கும்.

தீர்வு எளிது. "இன்று யாரையும் வெளியேற்ற வேண்டாம்" என்று ஊர் முடிவெடுக்க அனுமதியுங்கள். எட்டுப் பேர் இருக்கும் பகலில் ஓட்டைத் தவிர்த்தால் இரவு கழிந்து ஏழு பேராகிவிடும், இடையில் குறிசொல்லிக்கு (ஓநாய் ஆட்டத்தில் துப்பறிபவரின் பெயர்) ஓர் இரவும் கிடைக்கும். விதிப்புத்தகத்தில் இந்த ஒரு வரி இல்லாமல் மருத்துவரைச் சேர்க்காதீர்கள்.

படி 3: ஒவ்வொரு ரோலையும் நான்கு கேள்விகளால் உரசிப் பாருங்கள்

இந்த இடத்தில் நிதானமாக நேரம் செலவிடுங்கள். ரோலின் பெயரை ஒரு தாளின் தலையில் எழுதி, கீழே நான்குக்கும் பதில் எழுதுங்கள்.

முதல் கேள்வி: மறுநாள் காலையில் இவர் என்ன வாக்கியம் சொல்வார்? குறிசொல்லி என்றால் "நேற்று இரவு நான் இவரைப் பார்த்தேன், இவர் ஓநாய்" என்பார். மருத்துவர் "நேற்று நான் இன்னாரைக் காப்பாற்றினேன்" என்பார். வேட்டைக்காரர் சாகும்வரை "என்னைத் தொட்டால் ஒருவரை இழுத்துக்கொண்டு போவேன்" என்பார். சில ரோல்களுக்கு எந்த வாக்கியமும் வராது. உதாரணமாக, "உங்கள் ஓட்டு இரண்டாக எண்ணப்படும்" என்ற ரோல். ஓட்டு எண்ணும் நேரத்தில் மட்டும் அது உயிர் பெறுகிறது, மற்ற நேரம் தூங்குகிறது. அந்த மாதிரி ரோல் ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

இரண்டாவது, மேலே சொன்ன கேள்வி: அதே வாக்கியத்தை ஓநாய் சொல்ல முடியுமா? குறிசொல்லியின் வாக்கியத்தைத் தாராளமாகச் சொல்லலாம். மருத்துவருடையதையும் சொல்லலாம். ஆனால் "பகலில் எல்லார் முன்னிலையிலும் அட்டையைத் திருப்பிக் காட்டி, இன்றைய ஓட்டை ரத்துசெய்யலாம்" என்ற ரோலை ஓநாய் நடிக்கவே முடியாது. காட்டிய கணத்திலிருந்து அவர் நல்லவர் என்று மேசைக்கே தெரிந்துவிடும். இப்படி ஐயமற நிரூபணமானவர் ஒருவர் உருவாகிவிட்டால் ஊரின் தலைமை அவரிடம் போய்விடும், மற்றவர்கள் அவர் சொல்கிற பக்கம் கை தூக்குவார்கள். பேச்சு வற்றிவிடும். நிரூபணமாகிறவர் இருந்தே ஆக வேண்டும் என்றால், நிரூபணமான அன்றிரவே அவர் சாகும்படியாவது எழுதுங்கள்.

மூன்றாவது: முதல் இரவிலேயே இவர் செத்துவிட்டால் என்ன ஆகும்? ஊரின் பலம் முழுவதும் ஒரே ரோலில் குவிந்திருந்தால், அந்த ஆள் முதலில் போகும் ஆட்டமும் கடைசிவரை இருக்கும் ஆட்டமும் இரண்டு வெவ்வேறு ஆட்டங்கள். சராசரி 50 சதவீதம் என்று வந்தாலும் ஆடுகிறவர்களுக்கு ஒவ்வொன்றும் ஒருதலையாகத்தான் தெரியும். வலுவான ஒரு ரோலை உடைத்து இரண்டு மெலிந்த ரோல்களாக்குவதே இதற்கு மருந்து.

நான்காவது கேள்விதான் அதிகம் அறுக்கும்: முதல் நாள் காலையிலேயே இவர் எழுந்து "நான்தான் இது" என்று அறிவித்துவிட்டால் என்ன ஆகும்? குறிசொல்லியும் மருத்துவரும் மட்டும் உள்ள ஆட்டத்தில் குறிசொல்லி அறிவிக்கிறார், மருத்துவர் ஒளிந்திருந்து இரவுதோறும் அவரையே காக்கிறார். ஓநாய்கள் குறிசொல்லியைத் தொட முடியாது, மருத்துவர் யாரென்று தெரியாமல் தடவ வேண்டும். அதற்குள் இரவுக்கு ஒருவராகக் குறிசொல்லி ஊரையே அலசிவிடுவார். இந்தப் பூட்டை உடைக்கத்தான் "ஒரே ஆளை அடுத்தடுத்த இரண்டு இரவுகள் காக்கக் கூடாது" என்ற விதி வந்தது. உங்கள் ஆட்டத்திலும் இப்படி ஒரு பூட்டு எங்கோ இருக்கும். தேடிப்பிடிப்பது உங்கள் வேலை. நீங்கள் தேடாவிட்டால் ஐந்தாவது ஆட்டத்தில் ஆடுகிறவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள், அதன்பிறகு ஒவ்வொரு முறையும் அதைத்தான் செய்வார்கள்.

படி 4: ஓநாய்களுக்கு ஒளிய இடம் கட்டிக்கொடுங்கள்

எல்லா ரோல்களும் ஊருக்கு முன்கூட்டியே தெரியும், ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளில் யாராவது ஒருவர் "எல்லாரும் வரிசையாக ரோலைச் சொல்லுங்கள்" என்பார். ஓநாய் எதைச் சொன்னாலும் உண்மையான சொந்தக்காரர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். மாட்டிக்கொண்டது.

வெறும் ஊரார் நான்கைந்து பேர் இருந்தால் அந்தக் கூட்டத்தில் ஓநாய் கலந்துவிடலாம். சக்தியில்லாத அட்டை சலிப்பூட்டும் என்று எண்ணி எல்லாருக்கும் சக்தி கொடுக்கிற ஆட்டங்களில் இந்த மறைவிடம் போய்விடுகிறது. எல்லாருக்கும் சக்தி கொடுப்பது தவறில்லை, ஆனால் அதற்குரிய விலையைக் கட்ட வேண்டும். பிளட் ஆன் தி கிளாக்டவர் என்ற ஆட்டம் அதை அழகாகக் கட்டியிருக்கிறது. அதில் வெறும் ஊரார் என்ற அட்டையே இல்லை. ஏழு பேரோ அதற்கு மேலோ ஆடினால், தீயவர்களின் தலைவனுக்கு இந்த ஆட்டத்தில் யாரிடமும் இல்லாத மூன்று நல்ல ரோல்களை நடத்துபவர் முதல் இரவில் காட்டிவிடுவார். "நான் இதுதான்" என்று சொல்லிக்கொள்ள மூன்று பத்திரமான வேடங்கள்.

வீட்டில் செய்யும் ஆட்டத்துக்கும் இது பொருந்தும். ஐந்து சிறப்பு ரோல்கள் எழுதுங்கள், மூன்றை மட்டும் குலுக்கி எடுத்துச் சேருங்கள், மிச்சம் இரண்டையும் ஓநாய்களுக்கு மட்டும் காட்டுங்கள். ஒரே மாற்றத்தில் மேசையின் பேச்சு இரட்டிப்பாவதைப் பார்ப்பீர்கள்.

நல்லவர்களும் தவறு செய்யக் காரணம் இருந்தால் மறைவிடம் இன்னும் ஆழமாகும். சீக்ரெட் ஹிட்லர் என்ற ஆட்டத்தில் சட்ட அட்டைகள் 17. அதில் 11 தீயவர்களுடையவை, 6 மட்டும் நல்லவர்களுடையவை. ஒருவர் மூன்று அட்டை எடுத்து ஒன்றைத் தள்ளி, மற்றவருக்கு இரண்டைக் கொடுக்கிறார். மூன்றுமே தீய அட்டையாக வந்தால் நல்லவரும் தீய சட்டத்தைத்தான் போட்டாக வேண்டும். "எனக்கு மூன்றும் அப்படித்தான் வந்தது" என்ற வாக்கியம் நல்லவர் வாயிலிருந்தும் வரும், கெட்டவர் வாயிலிருந்தும் வரும். அங்கே சீட்டுக்கட்டே பொய்க்குத் துணை நிற்கிறது.

படி 5: தகவலில் தண்ணீர் கலங்கள்

இரவுக்கு ஒருவரைப் பற்றி முழு உண்மை சொல்லும் குறிசொல்லி எவ்வளவு வலுவானவர்? ஒன்பது பேரில் இரண்டு ஓநாய் என்றால், அவர் பார்க்கும் முதல் ஆள் ஓநாயாக இருக்க 8-இல் 2. இரண்டு இரவுகளில் இரண்டு வெவ்வேறு ஆட்களைப் பார்த்தால் ஒருவராவது ஓநாயாக இருக்க 46 சதவீதம். ஓநாய் இல்லை என்று தெரிகிறவர்களும் ஊருக்கு லாபம்தான், சந்தேக வட்டம் சுருங்குகிறது.

இந்தத் தகவலைப் பல வழிகளில் நீர்க்கச் செய்யலாம். ஓநாய் இல்லாமலேயே ஓநாயாகத் தெரியும் ஒருவரைச் சேர்க்கலாம். அது தானென்று அவருக்கே தெரியக் கூடாது. இந்த ஒரு அட்டை வந்துவிட்டால் பிடிபட்ட உண்மையான ஓநாயும் "நான் அந்தச் சபிக்கப்பட்டவனாக இருக்கலாமே" என்று வாதாடும். ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இருவரைப் பற்றிச் சேர்த்துச் சொல்ல வைக்கலாம்: "இந்த இரண்டு பேரில் ஒருவர் மருத்துவர்." எண்ணிக்கையாகச் சொல்ல வைக்கலாம்: "என் இடமும் வலமும் இருப்பவர்களில் தீயவர் எத்தனை பேர்?" இப்படிப்பட்ட பாதித் தகவல்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒருவர் கையில் உள்ள துண்டு இன்னொருவர் துண்டோடு சேர்ந்தால்தான் பொருள் தரும் என்பதால், நம்பலாமா வேண்டாமா என்று தெரியாதவரிடம் போய்ப் பேசியே ஆக வேண்டியிருக்கிறது.

தகவலைக் குறைக்காமல் அதற்கு விலை வைப்பது இன்னொரு வழி. 2012-இல் வந்த அவலான் ஆட்டத்தின் மெர்லினை நான் எப்போதும் உதாரணமாகச் சொல்வேன். அவருக்குத் தீயவர்கள் யாரென்று தொடக்கத்திலேயே தெரியும். வெளிப்படையாகச் சொல்லவும் விதி தடுக்கவில்லை. ஆனால் நல்லவர்கள் ஜெயித்த பிறகும் தீயவர்களுக்குக் கடைசியாக ஒரு வாய்ப்பு உண்டு: மெர்லின் யாரென்று சரியாகச் சொல்லிவிட்டால் வெற்றி அவர்களுக்கு. ஆகவே மெர்லின் தெரிந்ததைத் தெரியாததுபோலக் கசியவிட வேண்டும். நல்லவரைப் பொய் சொல்ல வைத்த ரோல் அது. அந்த ஆட்டத்தில் ஐந்து பேருக்கு இரண்டு தீயவர், பத்துப் பேருக்கு நான்கு. விகிதம் கடுமையாகத் தெரிந்தாலும் சரியாக ஓடுகிறது, ஏனென்றால் அங்கே யாரும் சாவதில்லை, சுற்றுக்கு ஒரு குழுவை ஓட்டுப்போட்டுப் பயணம் அனுப்புகிறார்கள், ஒவ்வொரு பயணத்தின் ஓட்டும் முடிவும் எல்லார் கண்முன்னாலும் தகவலாகச் சேர்கிறது.

படி 6: ஓநாய் பக்கத்து ரோல்கள்

ஊருக்குப் பதினைந்து ரோல் எழுதிவிட்டு ஓநாய்ப் பக்கத்தில் "ஓநாய், ஓநாய்" என்று விடுவது வழக்கமான குறை. ஓநாய்களுக்குள்ளும் சமமின்மை வேண்டும். ஓநாய்கள் யாரென்று தெரிந்த, ஆனால் ஓநாய்களுக்குத் தன்னைத் தெரியாத ஒரு கையாள் நல்ல தொடக்கம். அவர் வேண்டுமென்றே சந்தேகத்தைத் தன்மேல் இழுத்துக்கொள்ளலாம். ஓநாய்களும் அவரை ஊராரென்று எண்ணி இரவில் கொன்றுவிடக்கூடும், அந்த ஆபத்து அவர் விளையாட்டுக்குச் சுவை கூட்டுகிறது. குறிசொல்லியின் கண்ணுக்குத் தெரியாத ஓநாய், ஓர் இரவு ஒருவரைப் பொய்யாகக் குற்றவாளியாகக் காட்டுகிறவர் போன்றவையும் உண்டு. ஐந்தாம் படியில் தண்ணீர் கலந்த பிறகு இவற்றைச் சேர்க்கும்போது எச்சரிக்கையாக இருங்கள். ஊரிலேயே குழப்பும் அட்டை ஒன்று, ஓநாய்ப் பக்கம் குழப்பும் அட்டை ஒன்று என்று இரண்டும் சேர்ந்தால் எந்தத் தகவலையும் நம்பக் காரணமில்லாமல் போகும். அப்போது ஊர் மறுபடியும் சீட்டுக் குலுக்கும் நிலைக்கே வந்துவிடும்.

இன்னொன்று. பொய் சொல்வது பலருக்குத் தனியாக இருக்கும்போது மூச்சு முட்டும் வேலை. புதியவர்கள் உள்ள மேசையில் ஒரே ஓநாய் வைக்காதீர்கள், இரண்டாவதாக ஒரு கையாளாவது இருக்கட்டும். கண்ணால் பேசிக்கொள்ள ஒரு துணை இருப்பது அவர்களை ஆட்டத்துக்குள் நிறுத்தும்.

படி 7: மூன்றாவது தரப்பு

ஓட்டில் வெளியேற்றப்பட்டால் ஜெயிக்கும் கோமாளியை எல்லாரும் சேர்க்க ஆசைப்படுவார்கள். ஒருமுறை ஆடச் சுவையாகத்தான் இருக்கும். பக்கவிளைவு என்னவென்றால், உண்மையான ஓநாய் தடுமாறும்போதும் "இவர் வேண்டுமென்றே தடுமாறுகிறார், கோமாளியாக இருக்கும்" என்று ஊர் விட்டுவிடும். ஓநாய்க்கு இலவசமாக ஒரு கவசம் கிடைத்துவிடுகிறது. அதனால் கோமாளியைச் சேர்த்தால் அதை ஓநாய்ப் பக்கத்துக் கனமாகக் கணக்கில் எழுதுங்கள். அவர் ஜெயித்தாலும் மற்றவர்களுக்கு ஆட்டம் தொடரட்டும். பத்துப் பேருக்குக் குறைவான மேசையில் நான் இந்த ரோலைச் சேர்ப்பதே இல்லை.

படி 8: கனத்துக்கு எண் கொடுங்கள்

அல்டிமேட் வேர்வுல்ஃப் தொகுப்பில் ரோல்களுக்கு எண்கள் அச்சிட்டிருக்கும். ஊராருக்கு +1, குறிசொல்லிக்கு +7, ஓநாய்க்கு −6. எல்லாவற்றையும் கூட்டினால் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். ஒரு குறிசொல்லி, இரண்டு ஓநாய், ஆறு ஊரார் என்றால் 7 − 12 + 6, அதாவது +1. ஒன்பது பேருக்கு நியாயமான தொகுப்புதான்.

உங்கள் ரோல்களுக்கும் இப்படி எண் போடுங்கள். தொடக்கத்தில் தப்பாகத்தான் இருக்கும், ஆடிப் பார்த்துத் திருத்துங்கள். ஆனால் கூட்டல் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. மூன்றாம் படியில் பார்த்த குறிசொல்லி–மருத்துவர் பூட்டை நினைத்துப் பாருங்கள். இரண்டும் தனித்தனியே தரும் பலத்தைவிடச் சேர்ந்து தருவது பல மடங்கு. ஆகவே எண் பட்டியலுக்குப் பக்கத்தில் ஜோடிப் பட்டியல் ஒன்றும் வைத்திருங்கள்: எந்த இரண்டு சேர்ந்தால் கூடுதல் கனம், எந்த இரண்டு ஒன்றையொன்று வெட்டும் என்று. பத்து ரோல்களுக்கு 45 ஜோடிகள் வரும். ஒரு மாலையில் உட்கார்ந்து ஓட்டிவிடலாம்.

படி 9: இறந்தவர்களை மறக்காதீர்கள்

முதல் இரவில் வெளியேறியவர் முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது ரோல் அமைப்பின் தோல்வியும்கூட, அவருடைய அட்டை ஆடப்படவே இல்லை. முதல் இரவுக் கொலையை எடுத்துவிடுவது மிக எளிய திருத்தம். அதற்கு மேல் போக விரும்பினால் முன்மாதிரிகள் இருக்கின்றன: அவலானில் யாரும் வெளியேறுவதில்லை, 2014-இல் வந்த ஒன் நைட் அல்டிமேட் வேர்வுல்ஃபில் ஆட்டமே ஒற்றை இரவில் முடிகிறது, பிளட் ஆன் தி கிளாக்டவரில் இறந்தவர் தொடர்ந்து பேசலாம், ஆட்டம் முடிவதற்குள் ஒரே ஒருமுறை ஓட்டும் போடலாம்.

இறந்தவரின் ரோலைத் திறந்து காட்டுவதா மூடி வைப்பதா என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். திறந்தால் ஊருக்கு உறுதியான தகவல், மூடினால் ஓநாய்களின் பழைய பொய்கள் உயிரோடு இருக்கும். குறிசொல்லி வலுவாக இருந்தால் மூடுங்கள்.

படி 10: சோதனை ஆட்டமும் அதன் கணக்கும்

இருபது ஆட்டம் ஆடினோம், ஓநாய்கள் 13 ஜெயித்தன, ஆகவே ஓநாய்களைப் பலவீனப்படுத்துவோம் என்று அவசரப்படாதீர்கள். நாணயத்தை இருபது முறை சுண்டினாலும் 6 முதல் 14 வரை தலை விழுவது சர்வசாதாரணம். நூறு ஆட்டம் ஆடினால்கூட 40-க்கும் 60-க்கும் இடையில் எது வந்தாலும் அது சமநிலை இல்லை என்பதற்குச் சான்றாகாது. நண்பர்களை வைத்து நூறு ஆட்டம் ஆட யாரால் முடியும்?

அதனால் வெற்றி தோல்வியை மட்டும் குறிக்காமல் வேறு சிலவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் எத்தனையாவது நாளில் முடிந்தது. கடைசி நாளில் மூன்று பேர் மிஞ்சியபோது யார்மேலும் உண்மையான சந்தேகம் இருந்ததா. யார் தன் ரோலைப் பற்றி ஒருமுறைகூடப் பேசவில்லை. ஓநாய்கள் எந்த ரோலாக நடித்தார்கள், எந்த ரோலாக யாருமே நடிக்கவில்லை. முடிந்ததும் எல்லாரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: "யார் ஜெயிப்பார்கள் என்று உங்களுக்கு எப்போது தெரிந்துவிட்டது?" ஒன்பது பேரில் ஆறு பேர் "இரண்டாம் நாளே" என்றால், வெற்றிக் கணக்கு சரிபாதியாக இருந்தாலும் அந்தத் தொகுப்பு பழுதானது.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு ரோலை மாற்றுங்கள். மேசையில் இருப்பவர்களின் அனுபவத்தையும் தனியாகக் குறியுங்கள். பழகியவர்கள் கையில் குறிசொல்லி ஆயுதம். புதியவர்கள் கையில் அதே அட்டை, முதல் நாளே தன்னைக் காட்டிக்கொண்டு இரவில் சாகும் அட்டை.

ஒன்பது பேருக்கு ஒரு தொகுப்பைக் கட்டிப் பார்ப்போம்

இரண்டு ஓநாய். பகலில் தொடங்குகிறோம், ஓட்டைத் தவிர்க்க அனுமதி உண்டு. எலும்புக்கூடு 30 சதவீதம். குறிசொல்லியைச் சேர்க்கிறேன், ஊர் ஏறுகிறது. மருத்துவரைச் சேர்க்கிறேன், அடுத்தடுத்து ஒரே ஆளைக் காக்கக் கூடாது என்ற விதியோடு. மீதி ஐந்து பேர் வெறும் ஊரார். முதல் நாளே குறிசொல்லி அறிவித்தால் என்ன ஆகும் என்று கேட்கிறேன். ஓர் இரவு காவல், மறு இரவு சாவு. அதற்குள் இரண்டு பேரைப் பார்த்திருப்பார். பரவாயில்லை, ஆனால் அவர் சொன்னதை மேசை அப்படியே நம்பும், பேச்சு நின்றுபோகும்.

ஆகவே ஊராரில் ஒருவரை, அவருக்கே தெரியாமல், ஓநாயாகத் தெரிகிறவராக மாற்றுகிறேன். இப்போது குறிசொல்லி "ஓநாய்" என்று சுட்டும் மூன்று பேரில் ஒருவர் அப்பாவி. ஊர் கொஞ்சம் இறங்குகிறது, ஓநாய்க்கு வாதாட வழி கிடைக்கிறது. அடுத்து இன்னொரு ஊராரை வேட்டைக்காரர் ஆக்குகிறேன். வேட்டைக்காரர் என்று ஓநாய் நடித்தால் அவரை ஓட்டில் வெளியேற்ற ஊர் தயங்கும், உண்மையான வேட்டைக்காரருக்கும் அதே தயக்கம் பொருந்தும். வாக்கியம் ஒன்றே, சொல்கிறவர் யார் என்பதுதான் கேள்வி. கடைசியாக, ஆட்டத்தில் இல்லாத இரண்டு ரோல்களின் அட்டைகளை ஓநாய்களுக்கு மட்டும் காட்டுகிறேன்.

வெறும் ஊரார் மூன்று பேர் மிஞ்சியிருக்கிறார்கள். அந்த மூன்றையும் நிரப்பிவிடத் தோன்றும். நிரப்பாமல் ஐந்து ஆட்டம் ஆடிவிட்டு, அந்த மூன்று அட்டை வந்தவர்கள் எவ்வளவு பேசினார்கள் என்று குறிப்பேட்டில் பாருங்கள். அவர்கள் வாய் திறக்காமல் இருந்தால் மட்டும் இன்னொரு ரோலை எழுதத் தொடங்குங்கள்.